சட்டை மாட்டிய பலகை

என் ஞாயிற்றுக்கிழமைகளைக் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்ட ஏழுமலை மச்சானுக்கு,

இதை நான்தான் எழுதுகிறேன். வேறு யாரையும் உட்கார வைத்து எழுதச் சொல்லவில்லை. உன் சரோஜாவின் தம்பி முனுசாமி, ஹார்பரில் உன்னோடு மூட்டை தூக்கியவன், அறுபத்தெட்டு வயதில் பேனா பிடித்து எழுதுகிறேன். ஒரு வரி முடிப்பதற்குள் ஒரு டீ ஆறிப்போகிறது. ஆனாலும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா? அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லப்போவது வேறு மாதிரியானது.

கல்மண்டபம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, என்னைப் போன்றவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். பெஞ்சு ரொம்பச் சின்னது, முழங்கால் மேசையில் இடிக்கும். என் பக்கத்தில் உட்காரும் மீன்காரம்மா தன் பெயரை முதல் தடவை எழுதிவிட்டு, அழிந்துவிடும் என்று பயந்து சிலேட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஒரு வருஷம் போனேன். இப்போது கடைப் பலகை, பஸ் பலகை, மருந்துச் சீட்டு எதையும் விடுவதில்லை.

வண்ணாரப்பேட்டையில் பூமிக்கு அடியில் ரயில் ஓடுகிறது, மச்சான். நீ பார்க்கவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக ஏறினேன். மண்ணடி வந்ததும் பலகையை வாய்விட்டே படித்துவிட்டேன். எதிரில் இருந்த பெண் காதில் வைத்திருந்ததைக் கழற்றிவிட்டு, "இன்னா தாத்தா, எறங்கணுமா?" என்றாள்.

"இல்லம்மா. படிச்சேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் புரியும்.

எங்கே போனேன் என்று கேட்கிறாயா? செத்த காலேஜுக்கு. மியூசியம் என்று எல்லோரும் சொன்னாலும் நமக்கு அது செத்த காலேஜ்தானே. வாரம் ஆறு நாள் முதுகை உடைத்துக்கொண்டு, ஏழாவது நாள் எங்கேயாவது போயே ஆக வேண்டும் என்பது நீ வைத்த சட்டம். ஒரு வாரம் செத்த காலேஜ், ஒரு வாரம் திருவொற்றியூர் கோயில் குளம், ஒரு வாரம் எண்ணூர்க் கரை. சரோஜா அக்கா தூக்கில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வருவாள். உன் மகள் கஸ்தூரி உன் தோளில் உட்கார்ந்திருப்பாள். நான் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு பின்னால் வருவேன்.

எந்தப் பலகையைக் கண்டாலும் நீ நிற்பாய். கண்ணை இடுக்குவாய். உதடு அசையும். சட்டைப் பையில் செருகிய பேனாவை ஒரு தடவை தொட்டுக்கொள்வாய். பிறகு எங்களுக்குப் படித்துக் காட்டுவாய். எங்கள் மூன்று பேருக்கும் நீதான் கண்.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நீ எப்படிச் செத்தாய் என்பதுதான் பன்னிரண்டு வருஷமாக உன் மகளைத் தின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமையை உனக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

முந்தின நாள் சனிக்கிழமை. வண்ணாரப்பேட்டை ரெடிமேட் கடையில் வேலை செய்யும் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று கஸ்தூரி சொன்னாள். நீ முடியாது என்றாய். பேச்சு முற்றியது. "நீ செத்தாதான் எனக்கு வெடியும்" என்று அவள் சொன்னதை நானும் கேட்டேன், அக்காவும் கேட்டாள். மறுநாள் நீ வீட்டில் சாப்பிடவில்லை. "வா மாமு, எண்ணூர் போலாம்" என்று என்னை மட்டும் கூப்பிட்டாய். ஞாயிற்றுக்கிழமை சட்டத்தைச் சண்டைக்காக மாற்றுகிறவன் இல்லையே நீ.

முகத்துவாரத்துப் பக்கம் மணலில் ஒரு இரும்புக் கம்பம், அதன் மேல் ஒரு பலகை. நீ நின்றாய். கண்ணை இடுக்கினாய். பேனாவைத் தொட்டாய்.

"இன்னா போட்டுகீது?" என்று கேட்டேன்.

"குப்ப போடக் கூடாதாம், மாமு" என்றாய்.

கையில் இருந்த சுண்டல் காகிதத்தை உருட்டி உன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். சட்டையைக் கழற்றி அந்தப் பலகையின் மேலேயே மாட்டினாய். நல்ல ஆணி கிடைத்தது மாதிரி நானும் என் துண்டை அதில் தொங்கவிட்டேன். எனக்கு முழங்கால் வலி, கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நீ இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையை ஆட்டினாய். நானும் பதிலுக்கு ஆட்டினேன். பிறகு தலை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. மச்சான், அந்தக் கை சும்மா ஆட்டியதா, என்னைக் கூப்பிட்டதா?

மறுநாள் காலையில் படகுக்காரர்கள் உன்னைக் கொண்டுவந்து மணலில் போட்டார்கள். பலகையில் தொங்கிய சட்டையைப் போலீஸ்காரர் எடுத்தார். மறைந்திருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஆழமான பகுதி, குளிக்கக் கூடாது, உயிருக்கு ஆபத்துன்னு இம்மாம் பெரிசா எழுதிகீது. அது மேலயே சட்டைய மாட்டிட்டு எறங்கிகீறீங்க. கண்ணு இல்லியாய்யா உங்களுக்கு?"

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். அவன்தான் படிச்சான். குப்ப போடக் கூடாதுன்னு சொன்னான்."

கஸ்தூரி அங்கேதான் நின்றாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்தது. அப்போது அவள் அழவில்லை. ஈமக்கிரியை எல்லாம் முடிந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "நைனாவுக்குப் படிக்கத் தெரியும் மாமா. படிச்சிட்டு உன்கிட்ட மாத்திச் சொல்லிகீறாரு. உண்மையச் சொன்னா நீ எறங்க வுடமாட்டே இல்ல? நான் சாவச் சொன்னேன். போய்ட்டாரு."

நீ படித்தவன் என்று நானும்தானே நம்பினேன்?

அவள் அந்தப் பையனைக் கட்டவில்லை. வேறு யாரையும் கட்டவில்லை. ரெண்டு வருஷத்தில் அக்காவும் போனாள். கஸ்தூரி தையல் கம்பெனிக்குப் போகிறாள், வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு, துடைத்த வீட்டையே மறுபடி துடைப்பாள். பீச்சுக்குப் போனதில்லை, கோயில் குளத்துக்குப் போனதில்லை. சுவரில் உன் படம் இருக்கிறது. அவள் அதன் எதிரில் நின்று நான் பார்த்ததில்லை.

இந்தக் கதையோடுதான் நான் செத்த காலேஜுக்குப் போனேன். ஆனால் அன்றைக்கு மனசில் இருந்தது பெருமை மட்டும்தான். நீ படித்ததை எல்லாம் இப்போது நானே படிக்கப்போகிறேன் என்று.

முதலில் அந்தப் பெரிய திமிங்கில எலும்பு. நீ என்ன படிப்பாய்? "காசிமேட்ல கரை ஒதுங்கிச்சாம். இத்த வெட்டித் துன்னதுல ஒரு மாசத்துக்கு எவன் வூட்லயும் அடுப்பே எரியலயாம்." நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். காசிமேடே அதில் இல்லை. மேற்குப் பக்கத்துக் கடலோரம், வேறு ஏதோ ஊர். சரி, பலகையை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

பீரங்கிக்குப் போனேன். "இங்கேந்து சுட்டா குண்டு திருவொத்தியூர் கொளத்துல வுழும்" என்பாய். குளமும் இல்லை, குண்டும் இல்லை. அது எந்தக் கோட்டையிலிருந்து வந்தது என்று மட்டும் இருந்தது. தலை இல்லாத கல் சிலை. "பொண்டாட்டி பேச்சக் கேக்காதவன்" என்று நீ படித்து, அக்கா உன் முதுகில் ஒன்று வைப்பாளே, அந்தச் சிலை. பலகையில் ஏதோ தேவியின் பெயர். மச்சான், அது ஆம்பளைகூட இல்லை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காவலாள் கிட்டே வந்து, "இன்னா பெர்சு, தனியா சிரிச்சிகினு கீற?" என்று கேட்டார்.

"என் மச்சான் பெரிய ஃபிராடு சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என்ன வார்த்தை என்று உறைத்தது. சிலைக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உனக்குப் படிக்கவே தெரியாது. எண்ணூர்ப் பலகையும் உனக்கு இந்தப் பலகைகள் மாதிரிதான். பீச்சில் வேறு என்ன எழுதி வைப்பான், குப்பை போடாதே என்றுதான் வைப்பான் என்று நீயாக நினைத்துக்கொண்டு சொன்னாய். எதையும் மாற்றிச் சொல்லவில்லை. மாற்றுவதற்கு உன்னிடம் ஒன்றும் இருந்ததில்லை.

கஸ்தூரி அஞ்சாவது போனதும், "பெரிய பொண்ணு ஆய்ட்டா, செத்த காலேஜ் இன்னாத்துக்கு" என்று நீ நிறுத்திவிட்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் படிக்க ஆரம்பித்துவிட்டாள் என்றுதானே?

காவலாள் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு நேராக உன் வீட்டுக்குப் போனேன். கஸ்தூரி துடைப்பத்தோடு கதவைத் திறந்தாள். உட்காரக்கூட இல்லை, சொல்லிவிட்டேன். உன் மானத்தை அவள் வாசலிலேயே போட்டு உடைத்தேன். வேறு வழி தெரியவில்லை எனக்கு.

அவள் நம்பவில்லை. "சும்மா என்ன ஆறுதல் படுத்தாத மாமா. டெய்லி டீக்கடையில பேப்பர் வெச்சிகினு உக்காந்திருப்பாரு."

"வெச்சிகினு இருந்தான். படிச்சானா?"

துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "என்ன வுட்டு பேப்பர் படிக்கச் சொல்லுவாரு. முடிச்சதும் கரெக்டா படிச்சேன்னுவாரு. ஒரு தபா வேணும்னே நடுவுல நாலு வரிய முழுங்கிட்டேன். அதுக்கும் கரெக்டுன்னாரு. கேக்கலன்னு நெனச்சேன்."

"சட்ட எங்க?" என்று கேட்டேன். போலீஸ்காரர் கொடுத்த பையை அவள் பிரித்ததே இல்லை. பரண் மேலிருந்து எடுத்தாள். மடிப்பில் பழுப்பேறிய சட்டை. பையில் உன் பேனா. அதற்குக் கீழே, கல் மாதிரி இறுகிப்போன சுண்டல் காகிதம்.

"சாவப் போறவன், அதுவும் மாத்திச் சொன்னவன், குப்பைய எதுக்கு பாக்கெட்ல போட்டுக்கணும்? அவன் சொன்னத அவனே நம்பிகீறான் பாப்பா. அவன் மனசுல அன்னிக்கு இன்னா இருந்திச்சின்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் பலக அவன எச்சரிக்கல. அது மட்டும் தெரியும்."

காகித உருண்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

"பன்னண்டு வர்சம்" என்றாள். "ஏன் மாமா, நீ கொஞ்சம் முன்னாடியே படிச்சிருக்கக் கூடாதா?"

நீ சொல், மச்சான், அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்? அக்கா இருந்தபோதே நான் சிலேட்டைத் தொட்டிருந்தால்? அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் தொட்டிருந்தால்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே என் வீட்டுக் கதவைத் தட்டினாள். "எண்ணூர் போலாம், வா." எலுமிச்சை சாதம் கட்டியிருந்தாள்.

அந்தக் கம்பம் இன்னும் நிற்கிறது. பலகை துருப்பிடித்து, உப்புக்காற்றில் பாதி எழுத்து போய்விட்டது. இப்போது படித்தவனுக்கும் அது ஒன்றும் சொல்லாது. அதன் மேல் நாலு சட்டைகள் தொங்கின. சட்டைக்காரர்கள் தண்ணீருக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி ஒவ்வொரு சட்டையாக எடுத்து மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள்.

ஒருவன் ஓடி வந்தான். "இன்னாக்கா, சட்ட மேல கைய வெக்கிற?"

"எங்க நைனா சட்டையும் இங்கதான் தொங்கிச்சு" என்றாள். "ஆள அந்தாண்டதான் எடுத்தாங்கோ."

அவன் பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். திரும்பிப் போய் மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். ஈர உடம்பிலேயே சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்கள். பிறகுதான் கஸ்தூரி அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். சாதத்தைத் திறக்கவில்லை.

இந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டப்போகிறார்கள். உனக்குப் படிக்கத் தெரியாது என்பதை ஊரே படிக்கும். கோபித்துக்கொள்ளாதே. "எழுது மாமா, எங்க நைனா வேணும்னு சாவலன்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்று உன் மகள்தான் சொன்னாள். உன் படத்துக்கு எதிரில் நின்றுகொண்டு சொன்னாள்.

அந்தப் பலகையைப் புதுசாக எழுத யாரைக் கேட்க வேண்டுமோ கேட்டிருக்கிறோம். எழுத்தோடு, முங்குகிற ஆள் படம் ஒன்றும் போடச் சொல்லியிருக்கிறேன். உன்னையும் அன்றைய என்னையும் போன்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வருகிறவரைக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். சட்டை மாட்ட வருகிறவர்களுக்கு, அதில் இருந்ததை இருந்தபடியே படித்துக் காட்டுவேன். ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

புதுப் பலகை வந்த பிறகு கஸ்தூரியைச் செத்த காலேஜுக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே மட்டும், நீ படித்த மாதிரியே படிப்பேன்.

இப்படிக்கு,
உன் கையாட்டலுக்குப் பதிலாகக் கையை மட்டும் ஆட்டிய
உன் மச்சான் முனுசாமி
(என் கையெழுத்து)