உங்களுக்கென்று ஒரே ஆள்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நம் கம்பெனியில் இப்போது இல்லை என்று இன்று பல் டாக்டரம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்வதற்கு நேரம் இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மூணு கிளைக்கும் சேத்து கம்ப்யூட்டர் கான்ட்ராக்டை மூணு வருஷத்துக்குப் போட்டுடலாம். உங்க பையன்தானே பாத்துக்கறான், எனக்கு அது போதும்" என்றார். அப்பா என் பக்கம் திரும்பாமல், "பாத்துப்பான் டாக்டர்" என்றார். நான் எனக்கு வைத்திருந்த தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

நலமாக இருக்கிறாயா? அங்கே குளிர் பழகிவிட்டதா? வீட்டு எண்ணைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை என்பதால் மெயிலில் எழுதுகிறேன். குறை சொல்வதற்காக அல்ல. இங்கே இருந்த காலமெல்லாம் நீ சோற்றில் கை வைத்தால் போன் அடித்தது. யாருக்காவது பிரிண்டர் ஓடாது, யாருக்காவது பாஸ்வேர்டு மறந்திருக்கும். இனி எந்தப் போனையும் எடுக்க மாட்டேன் என்று நீ நினைத்தால் எனக்குப் புரிகிறது.

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. "இவரா கூப்பிடட்டும்னு அவன் இருக்கான், அவனா பேசட்டும்னு இவர் இருக்கார், நடுவுல நான் என்ன டெலிபோன் கம்பமா" என்று கேட்கிறாள். உன் இடத்துக்கு வந்திருக்கும் பையனுக்கு ஆபீஸில் நெட்டையன் என்று பெயர். வேலையில் உனக்குக் குறைந்தவன் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் இடத்துக்குப் போனால் சுவரைப் பார்த்து "ஆச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறான். அப்பா தலையில் அடித்துக்கொள்கிறார். "வேலைய செஞ்சா மட்டும் பத்தாதுடா, செஞ்சேன்னு சொல்லணும். நாம விக்கிறதே ஒண்ணும் நடக்காம இருக்கறதைத்தான். அதை யாரு கண்ணால பாக்க முடியும்?"

அதைக் கண்ணால் பார்க்க வைப்பதுதான் என் வேலை. எத்தனை முறை பேக்கப் எடுத்தோம், எத்தனை வைரஸை வாசலிலேயே நிறுத்தினோம் என்று மாதாமாதம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறேன். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்தக் கடிதம் இன்னமும் உன் பெயரில்தான் போகிறது. ஓரத்தில் உன் படம், அதன் கீழே அப்பா கண்டுபிடித்த வாசகம்: உங்களுக்கென்று ஒரே ஆள். விசிட்டிங் கார்டிலும் வேன் கதவிலும் அதுதான் இருக்கிறது. அந்த ஒரே ஆள் கிளம்பிப் போனபோது என்ன செய்வதென்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் பார்க்கலாம் என்றார் அப்பா. பிறகு இன்னொரு மாதம்.

கடிதம் போனால் பதில் வருகிறது. பெரும்பாலும் "நன்றி தம்பி" என்பதோடு முடிந்துவிடும். டாக்டரம்மா மட்டும் நிறைய எழுதுவார். மகள் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பதை எழுதினார். உன்னிடம்தான் சொல்லத் தோன்றுகிறது, தன் கை பட்டு சர்வர் படுத்த அன்று தன்னைத் திட்டாத ஒரே ஆள் நீதான் என்று எழுதினார். நான் இரண்டு நாள் யோசித்துவிட்டு உன் பெயரில் பதில் போட்டேன்: காரணம் கேட்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அவளே சொல்வாள். அவளும் சொன்னாளாம். இன்று அப்பாவிடம், "உங்க பையனுக்கு வயசுக்கு மீறின புத்தி" என்றார். அப்பாவின் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குச் சோர்வாக இருந்தது.

இப்போது பெரிய கம்பெனி ஒன்று எல்லா ஆஸ்பத்திரிக்கும் வழவழப்பான விளம்பரப் புத்தகம் அனுப்புகிறது. நம்மைவிட விலை குறைவு. டாக்டரம்மா அதை மேசையில் தள்ளிவிட்டு, "போன் பண்ணா ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குங்குது. எனக்கு ஆள் வேணும்" என்றார். நம் வருமானத்தில் பாதி அந்த ஆஸ்பத்திரிதான். அது போனால் நெட்டையனுக்கும் ரிசப்ஷன் பெண்ணுக்கும் வேலை இருக்காது. ஆனாலும் இல்லாத ஒருவனை நம்பி அவர் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

திரும்பி வரும்போது காரில், பெயரை மாற்றிவிடலாம் அப்பா என்றேன். "பேரை எடுத்தா ஆளுங்க பதறுவாங்க. மார்க்கெட்டிங் படிச்சவ நீ, உனக்கு நான் சொல்லணுமா" என்றார். நியாயமான பதில்தான். ஆனால் நெட்டையன் உன் நாற்காலியில் உட்கார்ந்தால், "அந்தப் பக்கம் வெளிச்சம் கம்மிடா" என்று எழுப்பி விடுகிறார். ஆபீஸில் ஜன்னல் இருப்பதே அங்கேதான்.

வெள்ளிக்கிழமை கையெழுத்து. அதற்கு முன்னால் நான் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். நீ அவரைக் கூப்பிட வேண்டாம். மறுபடியும் யாருக்கும் ஒரே ஆளாக இருக்கச் சொல்லி உன்னைக் கேட்கவில்லை. முடிந்தால் அதற்குள் அப்பாவைக் கூப்பிடு. உன் பெயர் போகப்போகிறது என்பதை என் வாயால் கேட்பதற்கு முன் உன் குரலை ஒரு தடவை கேட்கட்டும். கம்பெனிப் பேச்சு வேண்டாம். அங்கே என்ன சாப்பிடுகிறாய் என்று சொல், போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
வாலு

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ அப்பாவைக் கூப்பிடவில்லை. உனக்கு அங்கே வேலை அதிகம் என்று எண்ணிக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரி நம் கையை விட்டுப் போய்விட்டது. மாதக் கடைசியோடு நிறுத்திக்கொள்வதாக இன்று மெயில் வந்தது. நெட்டையனே எல்லா பாஸ்வேர்டுகளையும் எழுதி அந்தப் பெரிய கம்பெனி ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கப்புறம் அவனிடம் என்ன சொல்வதென்று அப்பா இன்னும் முடிவு செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா பேனாவைத் திறந்த பிறகுதான் எனக்கு வார்த்தை வந்தது. நீ மழைக்காலத்துக்கு முன்பே போய்விட்டாய் என்றேன். அப்பா தடுக்கவில்லை. டாக்டரம்மா, "அப்ப என் பொண்ணு விஷயமா எழுதினது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"நல்லாத்தான் எழுதியிருந்தே" என்றார். பேனாவை மூடினார். "ஆனா உன்கிட்ட சொல்றேன்னு தெரிஞ்சிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேன்மா." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்பா என்னைத் திட்டுவார் என்று காருக்குள் காத்திருந்தேன். சாவியைப் போட்டுவிட்டுத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "அங்க இப்போ மணி என்ன இருக்கும்?" என்று கேட்டார். விடிய இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அன்புடன்,
வாலு