என் பேரில் மூன்று கூடை

பழவேற்காடு

புஜ்ஜி,

பொன்னியம்மன் புண்ணியத்தில் நான் நன்றாக இருக்கிறேன், முட்டிவலியும் என்னோடு சேர்ந்து நன்றாகவே இருக்கிறது. மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி டூட்டி முடிந்ததும் நேராகப் போய்ப் படுத்துத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். போனில் பேசினால் ஒன்று சிரிக்கிறேன் இல்லை அழுகிறேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. வினோதினி வீட்டுக்காரர் அங்கே வருகிறார் என்றதும் கருவாட்டுப் பொட்டலத்தோடு கடிதத்தையும் வைத்துவிட்டேன், ஐந்தாவது படித்தவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உங்க நைனாவுக்கு முதல் வருஷத் திதி நல்லபடியாக முடிந்தது. அவருக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்தேன், அழாமல்தான் வைத்தேன், ஆனால் எல்லோரும் போன பிறகு கை தானாக இரண்டு தட்டு எடுத்துப் போட்டது. இரண்டாவது தட்டிலும் நானே சாப்பிட்டேன், வீணாக்கினால் அவர் திட்டுவார்.

இப்போது நல்ல சேதி. இறால் கம்பெனிக்காரன் துட்டு தராமல் மூடிவிட்டுப் போனதும் நைனா பொன்னேரி வக்கீலிடம் போய், கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் இனி கட்ட வழியில்லை என்று மஞ்சள் நோட்டீஸ் விட்டாரே, அதற்கு ஐந்து வருஷம் ஆகிறது. இந்த ஐந்து வருஷமும் நான் ஒரு பைசா கடன் வாங்கவில்லை, ஏலத்தில் மீன் எடுத்தால் கையில் இருக்கிற காசுக்குத்தான் எடுப்பேன், அதனால் என் பேர் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய ஐஸ் பெட்டிக்கு லோன் கேட்கலாம் என்று மகளிர் குழு சரண்யா பேங்குக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, நைனா லோனில் நானும் கையெழுத்துப் போட்டது கட்டாத கடனாக என் பேரில் அப்படியே நிற்கிறது என்றாள். அஞ்சு வருசமா யாருக்கும் பாக்கி இல்லம்மான்னு பெருமையாகச் சொன்னேன். அதுக்கு அவள், "அதாங்கம்மா பிரச்சனை, பழைய கறை மட்டும் இருக்குது, அதுக்கு மேல புதுசா ஒண்ணுமே இல்லையே, சின்னதா வாங்கி தேதி தவறாம கட்டிக் காட்டுங்க" என்றாள். கடன் வாங்கினால்தான் நல்ல பேராம், இது இன்னா பேஜார் என்று வழியெல்லாம் புலம்பினேன்.

சரண்யா குழுவில் பத்தாயிரம் வாங்கிக் கொடுத்தாள். எனக்கு அதைத் தொடவே பயம். அரிசி டப்பாவில் வைத்து, அதிலிருந்தே எடுத்து அதன் தவணையைக் கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாதம் கண்டுபிடித்துவிட்டாள். "பெரிம்மா, கடன வாங்கி கோழி மாதிரி அடைகாக்குறியே, குஞ்சு பொரிக்கும்னு பாத்தியா, வட்டிதான் பொரிக்கும்" என்று குழுக் கூட்டத்திலேயே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

போன வியாழக்கிழமை ஏரியில் மடவை மீன் அள்ளிக்கொண்டு வந்தது. என் கையில் ஒரு கூடைக்குத்தான் காசு. ஏலம் விடுகிற தருமலிங்கம் அண்ணன், "கஸ்தூரி பேர்ல மூணு கூடை" என்று சத்தமாகக் கூவினார். கரையே திரும்பிப் பார்த்தது. மஞ்சள் நோட்டீஸ் அவருக்கும்தான் போனது, நைனாவுக்குக் கொடுத்த எண்பதாயிரம் அவருக்குத் திரும்பாமலே போனது உனக்கே தெரியும். ஒரு கூடைக்குத்தாண்ணே துட்டு இருக்குது என்றேன். "நான் கேட்டனா? அஞ்சு வருசமா துட்ட மூஞ்சில அடிக்கிற மாதிரி வச்சிட்டுப் போற, நீ என்னை நம்பலியா, உன்னையே நம்பலியா? நாளைக்கு ஏலம் தொடங்கறதுக்கு முன்னாடி கொண்டா" என்றார். பழைய பாக்கியை நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன் என்றதற்கு, "அது உன் புருசன் அங்கமுத்து கணக்கு, அவனோட போச்சு, நீ உன் கணக்க ஆரம்பி" என்று அடுத்த கூடைக்குப் போய்விட்டார்.

பொன்னேரி மார்க்கெட் போனால் அங்கேயும் மடவைதான், கேட்ட விலைக்குத் தள்ளியும் ஒரு கூடை நின்றுவிட்டது. ஐஸ் கரைந்துகொண்டே போனது. நாளைக்குப் பணம் போகாவிட்டால் புருஷனைப் போலத்தான் பெண்டாட்டியும் என்று ஊரே சொல்லும், பிறகு என் பேரை யார் கூப்பிடுவார்கள்? நின்ற கூடையை வீட்டுக்குக் கொண்டுவந்து கீறி உப்புப் போட்டேன். எண்ணிப் பார்த்தால் எண்ணூறு குறைந்தது. அரிசி டப்பாவைத் திறந்து எடுத்தேன், முதல் தடவையாக அந்தக் காசு ஒரு வேலைக்குப் போனது. விடிந்ததும் ஏலத்துக்கு முன்னால் தருமலிங்கம் அண்ணன் கையில் கொடுத்தேன். எண்ணாமல் மடியில் வைத்துக்கொண்டு, இன்னிக்கு எத்தினி கூடை என்று கேட்டார்.

நைனா பேரில் இருக்கிற களங்கத்தைத் துடைக்க அங்கே லோன் போடட்டுமா என்று கேட்டாயே, வேண்டாம் கண்ணு. உன் பேர் உனக்கு, அதைப் புதுசாகவே வைத்துக்கொள். அங்கே பேங்கில் கடன் அட்டை கொடுத்தால் பயப்படாமல் வாங்கு, ஆனால் சம்பளத்துக்கு மேல் தேய்க்காதே, கட்டுகிற தேதியைச் சுவரில் எழுதி வை. கருவாட்டை ஒரு வெயில் காட்டி எடுத்து வை, ஒரே நாளில் தின்று தீர்க்காதே, இங்கே வீட்டில் இருக்கிற மிச்சக் கருவாட்டை நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். சித்திரையில் லீவு சொல்லி வைக்க மறக்காதே. நீ நூறு வயசு நோயில்லாமல் இரு, அம்மன் உன் கூடவே நிற்பாள்.

ஒன்று மட்டும் யாரிடமும் கேட்க முடியவில்லை. நோட்டீஸ் விட்ட நாளிலிருந்து உங்க நைனா ஏலக்கரைப் பக்கமே வரவில்லை, டீ குடிக்கப் போவதென்றால்கூட டச்சுக்காரன் கல்லறை வழியாகச் சுற்றித்தான் போவார். வெள்ளிக்கிழமை காலை நான் பணம் கொண்டுபோனபோது அவர் இருந்திருந்தால், என் கூட அந்தக் கரை வரைக்கும் நடந்து வந்திருப்பாரா புஜ்ஜி?

உன் அம்மா
அ. கஸ்தூரியம்மாள்