தூக்குவாளியின் அடிப்பக்கம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஏலப்பாறையில் மழை விடவில்லை. பாப்பா சுகம். நானும் கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

கவாத்துக் கத்தி உங்கள் தொடையைக் கிழித்து ஆறு வாரம் ஆகிறது. போனில் வலியைவிட, பிசியோதெரபி செய்கிற ஷிஜியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறீர்கள். தசை இழையை ஒட்டிச் சில செல்கள் வருஷக்கணக்கில் தூங்குமாம். காயம் பட்டால் விழித்துப் பெருகிப் புதுத் தசையாகுமாம். சிலது மட்டும் அடுத்த காயத்துக்கென்று திரும்பவும் தூங்கப் போகுமாம். "ஷிஜி பேச ஆரம்பிச்சா கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்றீர்கள். எனக்குள்ளும் ஏதோ விழித்துக்கொண்டது. அது திரும்பத் தூங்குகிற ரகமாகத் தெரியவில்லை.

"இன்னும் நிக்க முடியல, நீ வந்து அலையாத" என்றும் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கட்டப்பனை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் தோளைப் பிடித்து நடந்தீர்கள். சிரித்தீர்கள். தூக்குவாளியை நர்ஸிடம் கொடுத்து, யாரென்று சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

மறுநாள் போனில், "ஷிஜி கருவாட்டுக் குழம்பு கொண்டாந்து வச்சிருக்கா, என்னா ருசி!" என்றீர்கள். பதினாலு வருஷம் அதே குழம்பைத் தின்ற வாய்!

நன்றாக ஊன்றி நடங்கள். பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கிறது. அந்தத் தூக்குவாளியைக் கழுவும்போது கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஆணியால் கீறியிருப்பது தோட்டத்து ஆள் பதிவேட்டில் இருக்கிற என் செக்ரோல் நம்பர். மலையில் வாளி மாறிவிடக் கூடாதென்று, கல்யாணமான வாரம் நீங்களே கீறியது.

இப்படிக்கு,
அந்த நம்பர்காரி