பாறைக்கு வைத்த பேர்

டிசம்பர் 9, ராஜபாளையம்

அண்டார்டிகா கப்பலில் இன்ஜின் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்குப் போனில் ஒரே சிரிப்பு. அங்கே வளைகுடாவில் பேரில்லாத பாறை ஒன்றுக்கு, அவரோடு வேலை செய்கிறவர்கள் அவர் பேரை வைத்து, வரைபடத்திலும் எழுதிவிட்டார்களாம். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. மடவார் வளாகத்தில் இருக்கும் நாத்தனார் வரைக்கும் சொல்லியாச்சு.

எனக்குத்தான் பகீரென்றது. என் பிறந்த வீட்டில் உயிரோடு இருப்பவர் பேரைப் பிள்ளைக்குக்கூட வைக்க மாட்டோம். செத்தவர் பேரைத்தான் வைப்போம்.

"அங்க பக்கத்து எடத்துக்கெல்லாம் யாரு பேருங்க?"

"பக்கத்துக் கரை முனைக்கு, பனியில விழுந்து செத்த ஆளு பேருட்டி. இப்ப படகுல அங்கனதான் போறேன்."

லைன் கட்டாகிவிட்டது.

"அந்தப் பேரை அழிக்கச் சொல்லுங்க" என்று மெசேஜ் போட்டேன். இன்னும் ஒத்த டிக்தான் நிற்கிறது.