முத்தம்மா கல்லியைத் தேடி வந்தவள்

என் தங்க மதினிக்கு,

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. அண்ணன் நன்றாக இருக்கிறார். நான் வைக்கும் குழம்பைத் திட்டிக்கொண்டே இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிடுகிறார். இதைச் சொல்ல மட்டும் எழுதவில்லை. நான் ஒரு தப்பு செய்துவிட்டேன் மதினி. உங்களைத் தவிர யாரிடம் போய்ச் சொல்லி அழ?

தாராவியை இடித்துக் கட்டப்போகிறோம் என்று நம்ம கல்லிக்கும் சர்வேக்காரர்கள் வந்தார்கள். கதவுக்குக் கதவு நம்பர் எழுதினார்கள். "கல்லி கா நாம் போலோ" என்று ஒருவர் நம்ம சந்தின் பெயரைக் கேட்டார். முத்தம்மா கல்லி என்று சொல்ல வாயெடுத்தேன். ரேஷன் கார்டில் வேறு ஏதோ நகர் என்றுதானே இருக்கிறது, பேர் மாறினால் புதுக் கட்டிடத்தில் ரூம் கிடைக்காது என்று கமிட்டிக்காரர் பயமுறுத்தினார். அண்ணனைப் பார்த்தேன். "கார்டுல என்ன இருக்கோ அதையே சொல்லித் தொலைளா" என்றார். சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் கல்லி முனைச் சுவரில் இருந்த உங்கள் பெயர்மேல் வெள்ளையடித்தார்கள். ஏறி நிற்க நாற்காலி கேட்டார்கள். நம் வீட்டு நாற்காலியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் பெயர் என்ன, கூட்டம் போட்டு வைத்ததா? ஊரிலிருந்து ரயிலேறுகிறவர்களுக்கு வேறு விலாசம் தெரியாது. தாதரில் இறங்கி, "தாராவி, முத்தம்மா" என்பார்கள். டாக்சிக்காரர்களே கொண்டுவந்து விடுவார்கள். வேலை கிடைக்கும்வரை அந்தப் பத்துக்குப் பத்து ரூமில் உங்களோடுதான் படுக்கை. அப்புறம் அவர்கள் வீட்டுக் கடிதங்களில் 'முத்தம்மா கல்லி' என்று எழுதி வர ஆரம்பித்தது. தபால்காரரும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

புருஷன் விரட்டி, நானும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றவள்தானே. "ஏட்டி செல்லம், மொதல்ல சோத்தத் தின்னு. அழுவுறதப் பொறவு பாத்துக்கிடலாம்" என்றீர்கள். ஏன் வந்தாய் என்று சாகும்வரை கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அரிசி களைந்துகொண்டிருந்தேன். கல்லி முனையில் ஒரு பெண்குரல், நம்ம ஊர்ப்பக்கத்துப் பேச்சு. "அண்ணாச்சி, முத்தம்மா கல்லி இதானா?"

மொபைல் கடைக்காரர் இந்த வருஷம்தான் கல்யாணிலிருந்து வந்தவர். பாவம், அவருக்கு என்ன தெரியும்? "அப்படி ஒரு கல்லி இங்க கிடையாதும்மா. ஆகே பூச்சோ, முன்னால போய்க் கேளு" என்றார்.

ஈரக் கையோடு ஓடினேன். அதற்குள் அவள் இல்லை. கைக்குழந்தையும் ஒரு கட்டைப்பையும் வைத்திருந்தாளாம். சயான் பக்கம் போனேன். பஸ் ஸ்டாப்பில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மாட்டுங்கா ஸ்டேஷன்வரை நடந்தேன். கிடைக்கவில்லை மதினி, கிடைக்கவே இல்லை.

யார் அவள்? யார் சொல்லி அனுப்பினார்கள்? பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போனாள்? எனக்கு நெஞ்சு ஆறவில்லை. நீங்கள் இருந்திருந்தால் என் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பீர்கள். வாங்கிக்கொண்டிருப்பேன்.

இனி சுவரில் திரும்ப எழுதி என்ன? சுவரே இருக்கப்போவதில்லை. எங்களை எந்த மாடியில் ஏற்றுவார்களோ, செம்பூருக்கு அந்தப்பக்கம் தள்ளுவார்களோ, தெரியாது. மொபைல் கடையிலும் தாதர் டாக்சி ஸ்டாண்டிலும் என் போன் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் பெயரைக் கேட்டு யார் வந்தாலும் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். எங்கே இருந்தாலும் போய்க் கூட்டிவருவேன். நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று மட்டும் அவர்களிடம் சொல்லவே மாட்டேன்.

"நான்தான் முத்தம்மா, வாங்க" என்பேன். இது சத்தியம்.

உங்கள் நாத்தனார்,
செல்லம்