கூவம் கரையில் அப்பா

நூம்பல்,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி சரணுக்கு, அக்கா பானுப்பிரியா எழுதுவது. அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. புனேயில் நீயும் ஸ்வாதியும் சுகமாக இருப்பீர்கள். ஒரு வாரமாக என் போனை நீ எடுக்கவில்லை. கூரியரில் வருவதையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

கூவம் கரையோரம் அப்பா வேலை பார்த்த கம்பெனிக்குச் சரக்கு வண்டி ஓடிய பழைய தண்டவாளப் பாதையை, நீ வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிற ஃப்ளாட்டின் சங்கத்துக்காரர்கள் நடைபாதை ஆக்கிவிட்டார்கள். போன ஞாயிறு அம்மாவும் நானும் முதல்முறையாக முழுசும் நடந்தோம். பொய் சொல்லமாட்டேன், அழகாகத்தான் இருக்கிறது. முள்ளுச்செடியை வெட்டிச் செம்மண் கொட்டியிருக்கிறார்கள். மழை பெய்ததில் ஆற்றில் நாற்றம் குறைந்து, நாணலுக்குள் நீர்க்கோழி மேய்கிறது. ஸ்லீப்பர் கட்டைகளை எடுத்து உட்கார பெஞ்சு செய்திருக்கிறார்கள். அம்மா ஒன்றில் உட்கார்ந்துகூடப் பார்த்தாள்.

சிக்னல் கம்பத்தைத் தாண்டியதும் நடையை நிறுத்திவிட்டேன். வேகனோடு வேகனை இணைக்கக் கப்ளிங் மாட்டும்போது அப்பா நசுங்கிச் செத்த இடத்தில் நாம் நட்ட மூன்று செங்கல் இருக்கிறதே, அதைச் சுற்றி டைல்ஸ் பதித்துக் கோயில் கட்டிவிட்டார்கள். மஞ்சள் பூசியிருந்ததால் ஏதோ அம்மன் என்று நினைத்தார்களாம். கூடவே ஒரு பிள்ளையார் சிலை. அசைவம் கொண்டுவரக் கூடாது என்று பலகை.

வருகிற புதன்கிழமை அப்பா செத்த நாள். கருவாட்டுக் குழம்பும் பீடிக்கட்டும் வைத்துப் படைக்க வேண்டும் என்று சங்கச் செயலாளர் பார்த்தசாரதியிடம் அம்மா கேட்டாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் வையுங்களேன் அம்மா என்றார்.

"சாமி இல்ல நைனா, அது என் ஊட்டுக்காரரு" என்றாள் அம்மா.

அவர் நம்பவில்லை. கட்டுவதற்கு முன்பே ஃப்ளாட் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் கேட்டோம், யாரும் எங்களுடையது என்று சொல்லவில்லை என்று போனை எடுத்து என்னிடம் காட்டினார்.

பார்த்தேன். செங்கல் படத்தைப் போட்டு, இது யார் வைத்தது என்று கேட்டிருக்கிறார்கள். கீழே உன் பெயர். கைகூப்புகிற பொம்மை ஒன்று போட்டிருக்கிறாய். அவ்வளவுதான். வருஷா வருஷம் அந்தச் செங்கல்லுக்கு மஞ்சள் பூசியவன் நீதானடா. அவர்கள் தெரியாமல் செய்தார்கள். நீ தெரிந்தே வாயை மூடிக்கொண்டாய். கப்ளிங் மாட்டியவர் மகன் என்று தெரிந்தால் உன் கௌரவம் போய்விடுமா? எதிரில் இருந்தால் அறைந்திருப்பேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சரணுக்கு விஷயம் தெரிந்தால் ஓடி வந்து சண்டை போடுவான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீ லீவு போட்டு வரவேண்டாம். புதன்கிழமைக்குள் அந்தக் குழுவில் ஒரே வரி எழுது, அது உன் அப்பா என்று. தேவராஜ் என்று பெயரையும் சேர்த்து எழுது. நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் அம்மா குழம்புச் சட்டியோடு அங்கே போய் நிற்பாள். தன் புருஷன் யார் என்று அவள் இன்னொரு முறை யாரிடமும் சொல்லி நிற்கக் கூடாது.

அப்பா உங்கள் இருவரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
பானுப்பிரியா