கட்டுச்சோற்றுக்கு முந்தின வாரம்

அக்கா,

அடுப்பில் ஓமத்தண்ணீர் கொதிக்கிறது. மார்கழிக் குளிரில் ரவிக்கை நனைய வியர்த்து, வயிறு ஊதி உட்கார்ந்திருக்கிறேன். "இந்தக் குளுருல ஃபேன் எதுக்கு?" என்று முணுமுணுத்துவிட்டு இவர் அடுத்த அறைக்குப் படுக்கப் போய்விட்டார். ஓம வாடை எப்போதும் உங்கள் வீட்டு வாடை. உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது.

கருமத்தம்பட்டியில் நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அப்போது உங்கள் மகளுக்கு ஏழாம் மாதம். சம்பந்தி வீட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோய் அவளை அழைத்துவர ஒரு வாரம்தான் இருந்தது. நீங்களோ படுத்தே கிடந்தீர்கள். என்னவென்று கேட்டதும், தறி ஓடும் சத்தத்தில் யாருக்கும் கேட்காதபடி காதோடு சொன்னீர்கள்.

"அம்மணி, மூணு மாசமாத் தீட்டு நின்னுபோச்சு. வயிறும் பெருத்துட்டே வருது. மகளும் மாசம், நானும் மாசம்னா ஊரு சிரிக்காதா? சம்பந்தி ஊட்டுல எப்படிப் போயி நிக்கறது?"

யாருக்கும் அஞ்சாத வாய் உங்களுடையது. அன்று அது உலர்ந்திருந்தது. கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அவிநாசிக்கு பஸ் ஏறினோம். அங்கிருந்த லேடி டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கர்ப்பமெல்லாம் இல்லைங்க. மாதவிடாய் நிக்கிற வயசு. ஹார்மோன் ஏறி இறங்கறப்ப குடலும் மந்தமாகும், அதான் ஊதுது. மோர், கீரை, கம்பு சேர்த்துக்கங்க. தினமும் நடங்க."

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் முறைக்கிற அளவுக்குச் சிரித்தோம். "வாயுவுக்குப் பயந்து கட்டுச்சோத்தையே கெடுக்கப் பாத்தனே!" என்றீர்கள். தெக்கலூர் தாண்டியதும் உங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

"வேண்டாம் வேண்டாம்னு சாமியக் கும்பிட்டேன். இல்லைன்னதும் என்னமோ பறிபோனாப்புல இருக்குது, கண்ணு."

நான் கையிலிருந்த டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். அடுத்த வாரம் சம்பந்தி வீட்டில் முன்னால் நின்று பரிமாறியதும் நீங்கள்தான்.

நீங்கள் கண்மூடி இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. போன வாரம் அதே டாக்டரிடம் தனியாகப் போனேன். ஏறக்குறைய அதே பேச்சு. பஸ்ஸில் வரும்போது சிரிக்கப் பார்த்தேன். ஒற்றை ஆளாய்ச் சிரித்தால் பைத்தியம் என்பார்கள். அழுகைதான் வந்தது. இவரிடம் சொன்னால் மாத்திரை வாங்கிக்கொள் என்பார்.

அன்று உங்களுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. 'ஆமாங்க்கா, போனது போனதுதான். அழுதுக்கங்க.' உங்களுக்குச் சொல்லாமல் விட்ட அந்த வார்த்தையை இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.